பழைய எஸ்யூவி: டஸ்டரா, கிரெட்டாவா, ஈகோஸ்போர்ட்டா, பிரெஸ்ஸாவா?

கையில் ஆறேழு லட்சம் ரூபாய். வீட்டில் ஐந்து பேர். மாதம் ஒருமுறையாவது ஊருக்குப் போய்வர வேண்டும், கடைசி சில கிலோமீட்டர் சாலை எப்போதும் மோசமாகத்தான் இருக்கும். இந்தக் கணக்கோடு தமிழ்நாட்டில் பழைய எஸ்யூவி தேடுகிறவர்கள் கடைசியில் பெரும்பாலும் நான்கு பெயர்களில் வந்து நிற்கிறார்கள்: ரெனோ டஸ்டர், முதல் தலைமுறை ஹூண்டாய் கிரெட்டா, ஃபோர்டு ஈகோஸ்போர்ட், மாருதி விட்டாரா பிரெஸ்ஸா. இவற்றில் மூன்று நம் பக்கத்திலேயே பிறந்தவை. டஸ்டர் ஒரகடத்தில், கிரெட்டா இருங்காட்டுக்கோட்டையில், ஈகோஸ்போர்ட் மறைமலை நகரில். பிரெஸ்ஸா மட்டும் ஹரியானாவிலிருந்து வந்தது.

இந்த நான்கில் எது தொல்லை தராது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியில் பாதி விஷயம்தான் அடங்கியிருக்கிறது. எட்டு, பத்து வருடம் ஓடிய வண்டியில், கம்பெனி எப்படிச் செய்து கொடுத்தது என்பதைவிட முந்தைய ஓனர் எப்படி வைத்திருந்தார் என்பதே அதிகம் பேசும். மாடலின் பெயர் மூன்று விஷயங்களைச் சொல்லும்: எந்த பாகம் முதலில் போகும், போனால் எவ்வளவு செலவாகும், எங்கே கிடைக்கும். அந்த பாகம் இந்த வண்டியில் போய்விட்டதா, போகப் போகிறதா என்பதை அந்த வண்டியும் அதன் பேப்பர்களும்தான் சொல்ல முடியும். மாடலைப் பற்றிப் பல வாரம் படித்துவிட்டு, வண்டியைப் பத்து நிமிடம் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அந்த நேரக் கணக்கைத் திருப்பிப் போட்டால் பாதி ஆபத்து குறைந்துவிடும்.

முதலில் டீசலா, பெட்ரோலா

இதை முடிவு செய்யாமல் மாடலுக்குப் போகக் கூடாது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 எனும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. டிபிஎஃப் எனும் புகை வடிகட்டி டீசல் கார்களில் பரவலாக வந்தது அதோடுதான். அந்த வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, அலுவலகம் என்று நகரத்துக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். அதனால் தினமும் இருபது கிலோமீட்டர் நகர ஓட்டம் மட்டும் உள்ளவருக்கு பிஎஸ்6 டீசல் எந்தக் கம்பெனியுடையது என்றாலும் நான் சொல்ல மாட்டேன்.

2015 முதல் 2019 வரையிலான, முந்தைய விதிப்படி வந்த பிஎஸ்4 டீசல்களுக்கு அந்த அளவு தொல்லை இல்லை. ஆனாலும் டர்போ, இன்ஜெக்டர், இஜிஆர் வால்வு எல்லாம் குறுகிய ஓட்டத்தில் கரி பிடிக்கும். மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், அதில் பாதியாவது நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு டீசல் சரி. மற்றவர்கள் 1.6 லிட்டர் பெட்ரோல் கிரெட்டாவையோ, 2017 நவம்பருக்குப் பிறகு வந்த பெட்ரோல் ஈகோஸ்போர்ட்டையோ, 2020 பிப்ரவரிக்குப் பிந்தைய பெட்ரோல் பிரெஸ்ஸாவையோ பார்க்கலாம். ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள்: இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலும் அதை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. எரிபொருள் குழாய்களும் ரப்பர் பாகங்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே சொல்வது பெரும்பாலும் டீசல், மேனுவல் கியர் வண்டிகளைப் பற்றி. சந்தையில் அதிகம் கைமாறுவது அவைதான்.

நான்கு வண்டிகள்

டஸ்டரிலிருந்து தொடங்குகிறேன். விலை குறைவாகக் கிடைப்பதும் அதுதான், மக்கள் அதிகம் தயங்குவதும் அதைப் பார்த்துத்தான். 2012 ஜூலையில் வந்தது. 1.5 லிட்டர் டீசல் இன்ஜினில் 85 குதிரைத்திறன், 110 குதிரைத்திறன் என்று இரண்டு வகை. டீசல் 2020-இல் நின்றது, 2022-இல் அந்த டஸ்டரே நின்றது. உற்பத்தி நின்ற வண்டிக்கு பாகம் கிடைக்குமா என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த இன்ஜின் டஸ்டரோடு மட்டும் பிறந்து அதோடே போனதல்ல. நிசான் டெரானோ, சன்னி, மைக்ரா, ரெனோ லாட்ஜி, ஏன், மகிந்திரா வெரிட்டோவிலும் அதே குடும்பத்து இன்ஜின்தான் ஓடியது. வெரிட்டோ டாக்ஸியாக ஓடிய ஊர்களில் அந்த இன்ஜினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் கட்டாயம் இருப்பார். இன்ஜின் பாகத்துக்கு நான் பயப்பட மாட்டேன். ஹெட்லைட், கதவு பேனல், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சாமான்கள், இவைதான் இனிமேல் தேடி அலைய வேண்டியவை. அதனால் டஸ்டரில் சின்ன உடைசல் என்றாலும் அப்போதே விலையில் கழித்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

டஸ்டரை வாங்குவதா வேண்டாமா என்பதை ஒரே ஒரு பில் முடிவு செய்துவிடும்: டைமிங் பெல்ட் மாற்றிய பில். இந்த இன்ஜினில் செயின் கிடையாது, பெல்ட். ஓடும்போது அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து வால்வு வளையும், சிலிண்டர் ஹெட்டை இறக்க வேண்டிவரும். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் அல்ல, வருடக் கணக்கும் உண்டு. குறைவாக ஓடிய வண்டியிலும் ரப்பர் வயதாகும். ‘வண்டி ஓடவே இல்லை சார், பெல்ட் புதுசு மாதிரி இருக்கு’ என்று சொல்லும் 2014 டஸ்டரில், வாங்கிய வாரமே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றும் செலவை வைத்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும். பில் இருந்தால், அதில் இருக்கும் கிலோமீட்டரும் தேதியும் மற்ற பேப்பர்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

110 வகையில் கியர் ஆறு, நெடுஞ்சாலையில் நன்றாக இழுக்கும். ஆனால் குறைந்த வேகத்தில் டர்போ எழுந்திருக்கத் தாமதமாகும், நகர நெரிசலில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் நகரத்தில் ஓடிய 110-இல் கிளட்ச் சீக்கிரம் தேயும். 85 நகரத்துக்கு இதமானது. இன்னொன்று, இது உயிர் விஷயம்: பழைய டஸ்டரின் கீழ்நிலை வகைகளில் ஏர்பேக்கே கிடையாது. 2017-இல் குளோபல் என்கேப் எனும் அமைப்பு வண்டியை மோதவிட்டுப் பார்த்த சோதனையில் ஏர்பேக் இல்லாத டஸ்டர் பூஜ்ஜியம் நட்சத்திரம் வாங்கியது, ஓட்டுநர் ஏர்பேக் உள்ளது மூன்று. ஐம்பதாயிரம் குறைகிறது என்று ஏர்பேக் இல்லாததை எடுக்காதீர்கள்.

பள்ளம் மேடான சாலையில் டஸ்டர் போகிற விதத்தை இந்த விலையில் வேறு எதுவும் தராது. ஊர்ச் சாலை மோசம் என்பதே உங்கள் முதல் கவலை என்றால், நன்றாக வைத்திருந்த டஸ்டரைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடாதீர்கள். பெயர்ப் பலகை மட்டும் மாறிய டெரானோவையும் சேர்த்துத் தேடுங்கள். அதே வண்டி, கேட்பவர் குறைவு என்பதால் விலை இன்னும் இறங்கும்.

கிரெட்டா 2015 ஜூலையில் வந்தது. 1.6 லிட்டர் டீசலில் 128 குதிரைத்திறன், 1.4 லிட்டரில் 90. இரண்டிலும் டைமிங் செயின், அதனால் டஸ்டரில் சொன்ன பெல்ட் செலவு இங்கே இல்லை. வெர்னாவிலும் இதே 1.6 டீசல் ஓடியதால் பாகமும் கிடைக்கும், வேலை தெரிந்தவரும் கிடைப்பார். இந்த நான்கில் இன்ஜினுக்காகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இந்த 1.6 டீசலைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஏன் எல்லோருக்கும் கிரெட்டாவே என்று சொல்லிவிடவில்லை? விலைதான் காரணம். கிரெட்டாவுக்குச் சந்தையில் மவுசு அதிகம். அதே பணத்துக்கு மற்ற மூன்றில் கிடைப்பதைவிட அதிகம் ஓடிய, இரண்டு மூன்று கை மாறிய வண்டிதான் கிரெட்டாவில் கிடைக்கும். நல்ல பெயர் உள்ள மாடல் என்பதாலேயே மோசமான வண்டியும் நல்ல விலைக்குப் போய்விடுகிறது. மவுசு இருக்கும் வண்டியில்தான் மீட்டரைக் குறைத்து விற்கும் வேலையும் அதிகம் நடக்கும், ஏனென்றால் அங்கேதான் அதற்கு லாபம். எனவே கிரெட்டாவைப் பார்க்கும்போது இன்ஜினைவிட வரலாற்றைத் தோண்டுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது நின்ற நிலையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் லேசாக அசைத்து ‘கட்கட’ சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். முன்பக்க சஸ்பென்ஷன் புஷ்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈகோஸ்போர்ட்டில் எந்த இன்ஜின் என்பதுதான் எல்லாம். 2013 ஜூனில் வந்த வண்டி இது. 1.5 லிட்டர் டீசல் நல்ல இன்ஜின், மைலேஜ் தாராளம், ஸ்டியரிங் பிடித்தால் வண்டி நம் சொல்படி கேட்கும். இதிலும் டைமிங் பெல்ட் உண்டு, டஸ்டருக்குச் சொன்னதே இதற்கும். ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் பெட்ரோலை இப்போது பழையதாக வாங்க நான் சொல்ல மாட்டேன். அதில் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது, சரியான ஆயிலைச் சரியான நேரத்தில் மாற்றாமல் விட்ட வண்டியில் பெல்ட் துகள் உதிர்ந்து ஆயில் பாதையை அடைக்கும். 2017 நவம்பருக்கு முந்தைய 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கையும் தவிர்த்துவிடுங்கள். அதில் இருந்தது பவர்ஷிஃப்ட் எனும் டபுள் கிளட்ச் கியர்பாக்ஸ், அந்த வகை கியர்பாக்ஸ் அமெரிக்காவில் வழக்கு வரை போனது. 2017 நவம்பர் மாற்றத்தோடு வந்த ஆட்டோமேட்டிக்கில் சாதாரண டார்க் கன்வெர்ட்டர், அதில் அந்தத் தொல்லை இல்லை.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீசும் பாகமும் தொடரும் என்றும் சொன்னது. சென்னை, கோவை போன்ற ஊர்களில் இருப்பவருக்கு இது பெரிய பிரச்சினை அல்ல. ஆனால் சர்வீஸ் சென்டர் நூறு கிலோமீட்டர் தள்ளி என்றால் யோசிக்க வேண்டும். மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் இயக்கப்போவதாக ஃபோர்டு 2024-இல் சொன்னதை வைத்து, ‘ஃபோர்டு திரும்ப வருது, விலை ஏறப்போகுது’ என்று சில புரோக்கர்கள் பேசுகிறார்கள். அதற்கும் ஈகோஸ்போர்ட்டின் பின்கதவுக் கைப்பிடி கிடைப்பதற்கும் சம்பந்தம் இல்லை. அதைக் கேட்டு ஒரு ரூபாயும் ஏற்றிக் கொடுக்காதீர்கள்.

பிரெஸ்ஸாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அதில் புதிர் குறைவு. 2016 மார்ச்சில் வந்தது, 1.3 லிட்டர் டீசல், 90 குதிரைத்திறன், டைமிங் செயின். ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, அந்தக் காலத்து இண்டிகா விஸ்டா, ஃபியட் புண்டோ எல்லாவற்றிலும் ஓடிய ஃபியட் குடும்பத்து இன்ஜின். எந்தத் தாலுகா ஊரில் நின்றாலும் பார்க்க ஆள் உண்டு. 2018-இல் குளோபல் என்கேப் நான்கு நட்சத்திரம் கொடுத்தது. குறை என்றால், ஐந்து பேரும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை போன்ற மலைச் சாலையில் ஏறும்போது இன்ஜின் திணறுவது தெரியும், கிளட்ச்சுக்கும் வேலை அதிகம். மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் சாதாரணமான வண்டிதான். ஆனால் வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை, சின்ன ஊரில் இருக்கிறேன் என்பவருக்கு நான் முதலில் சொல்வது பிரெஸ்ஸாதான்.

கிலோமீட்டரை எப்படி நம்புவது

மாடல் எதுவானாலும் இனிமேல் சொல்வது பொருந்தும். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மீட்டரில் இருக்கும் எண்ணை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது விற்பவர் சொல்லும் தகவல், அவ்வளவுதான். டிஜிட்டல் மீட்டரை மாற்றுவது கடினம் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அது சில நிமிட வேலை. எண்ணைச் சரிபார்க்க வண்டியிலேயே சாட்சிகள் இருக்கின்றன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2016 வண்டி, மீட்டரில் 42,000. டயரில் 2318 என்று இருக்கிறது, அதாவது 2018-இன் 23-ஆவது வாரத்து டயர். இரண்டே வருடத்தில் நான்கு டயரும் மாற்ற வேண்டிவந்தால் அந்த இரண்டு வருடத்திலேயே வண்டி நாற்பதாயிரத்தை ஒட்டி ஓடியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு இத்தனை வருடம் சும்மாவா நின்றது? ஒரே ஒரு டயர் வேறு தேதி என்றால் பஞ்சர் கதை, நான்கும் என்றால் கேள்வி கேட்க வேண்டிய விஷயம்.

கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழு என்று தேய்ந்திருப்பது, ஸ்டியரிங் தோல் பளபளப்பது, ஓட்டுநர் சீட்டின் கதவுப்பக்க விளிம்பு அமுங்கியிருப்பது, இவையெல்லாம் ஐம்பதாயிரத்தில் வருவதில்லை. அப்புறம் கேள்வி ஒன்று: டீசலுக்கென்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கியவர் வருடத்துக்கு ஐயாயிரம் மட்டும் ஏன் ஓட்டினார்? பதில் இருக்கலாம், வெளிநாட்டில் இருந்திருக்கலாம். அந்தப் பதில் தானாக வர வேண்டும், கேட்ட பிறகு யோசித்துச் சொன்னதாக இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட உறுதியான சாட்சி கம்பெனி சர்வீஸ் சென்டரின் பதிவு. பதிவு எண்ணைக் கொடுத்தால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வண்டி வந்தது, என்ன வேலை நடந்தது என்பது அவர்கள் கணினியில் இருக்கும். ஓனரே கூட வந்து கேட்டால் தயங்காமல் காட்டுவார்கள். வண்டியை அங்கேயே கொண்டுபோய், கட்டணம் கட்டி முழுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். வண்டி விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை. ‘அங்கெல்லாம் கொண்டுவர முடியாது, நீங்க வேண்டுமானா உங்க மெக்கானிக்கை இங்கே கூட்டிட்டு வாங்க’ என்று விற்பவர் பிடிவாதம் பிடித்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். இதில் நான் விதிவிலக்கு வைப்பதில்லை.

இப்போது இரண்டு கிரெட்டாக்கள் முன்னால் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 2016, ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் ஓடியது, ஒரே ஓனர், எல்லா சர்வீசும் கம்பெனியில், பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓட்டம். இன்னொன்று 2017, மீட்டரில் 48,000, இரண்டாவது ஓனர், முதல் மூன்று சர்வீசுக்குப் பிறகு பதிவே இல்லை. விலை ஒன்றுதான். பத்துப் பேரைக் கேட்டால் பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். நான் முதலாவதை எடுப்பேன். நெடுஞ்சாலையில் சீராக ஓடிய லட்சம் கிலோமீட்டர் டீசல் இன்ஜினை அதிகம் தேய்ப்பதில்லை. ஆயில் மாற்றாமல் ஓடிய இருபதாயிரம் டர்போவைத் தின்றுவிடும்.

இன்சூரன்ஸ் பேப்பரில் இருக்கும் ஒரு எண்

ஆர்சி, வரி, ஃபைனான்ஸ் பாக்கி எல்லாம் எம்பரிவாகன் செயலியில் பார்க்கலாம் என்பது இப்போது பலருக்குத் தெரியும். எத்தனையாவது ஓனர், எந்த வங்கியின் பெயரில் கடன் பதிவாகியிருக்கிறது, இன்சூரன்ஸ் எதுவரை என்பதையெல்லாம் அது காட்டும். கட்டாத அபராதத்தை இ-சலான் தளத்தில் பார்க்கலாம்.

அதிகம் பேர் கவனிக்காதது இன்சூரன்ஸ் பாலிசியில் என்சிபி, அதாவது கிளைம் எடுக்காததற்கான தள்ளுபடி, என்று போட்டிருக்கும் சதவீதம். கிளைம் எதுவும் எடுக்காத ஒவ்வொரு வருடத்துக்கும் அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். கிளைம் எடுத்தால் சாதாரணமாகப் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். ‘ஒரு கீறல்கூட விழாத வண்டி’ என்கிறார், பாலிசியில் 20 சதவீதம் இருக்கிறது என்றால், இரண்டு வருடத்துக்கு முன்னால் எதற்குக் கிளைம் எடுத்தார் என்று கேளுங்கள். ஆனால் 50 சதவீதம் இருப்பதால் மட்டும் வண்டி சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. என்சிபி ஓனருக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல, முந்தைய காரிலிருந்து கொண்டுவந்திருக்கலாம். அதைக் காக்கத் தனியாகப் பணம் கட்டும் வசதியும் உண்டு. கைக்காசில் டிங்கரிங் செய்தவர்களும் இருப்பார்கள். அதனால் குறைந்த எண் தெரிந்தால் கேளுங்கள், பெரிய எண் தெரிந்தாலும் உடலைச் சோதிப்பதை விடாதீர்கள்.

விபத்தைக் கண்டுபிடிக்கப் பெயின்டைவிட போல்ட்டைப் பாருங்கள். பானெட், முன் ஃபெண்டர், கதவுக் கீல், இவற்றின் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் அந்த பாகம் கழற்றப்பட்டிருக்கிறது. கதவு ரப்பரை உருவிப் பார்த்தால் கம்பெனி ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் ஒரே சீரான இடைவெளியில் தெரிய வேண்டும். கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்புக் குறி இருக்கும், ஒன்று மட்டும் வேறு வருடம் என்றால் காரணம் கேளுங்கள். பம்பரும் ஃபெண்டரும் மாறியிருப்பது நம் ஊர்ப் போக்குவரத்தில் சாதாரணம், அதற்காக ஒதுக்க வேண்டாம். கூரையைத் தாங்கும் தூணும், முன்னால் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டமும், கீழே நீளமாகப் போகும் சேசிஸ் பகுதியும் தொடப்பட்டிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் ஆபத்துதான், வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் துண்டித்திருக்கலாம்.

தண்ணீரில் நின்ற வண்டி

தமிழ்நாட்டில் பழைய வண்டி வாங்குபவர் இதைத் தனியாகவே விசாரிக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மீண்டும் சென்னை, அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும். ஒவ்வொரு முறையும் மூழ்கிய வண்டிகள் ஏலத்தில் போய், காய்ந்து, மெருகேறி வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு நிற்கின்றன. பதிவு எண்ணைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. டிஎன் 69 என்பதால் தூத்துக்குடி வெள்ளத்தில் நின்றது என்றும் இல்லை, வேறு எண் என்பதால் நிற்கவில்லை என்றும் இல்லை.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை முழுக்க இழுத்துப் பாருங்கள். மேலே எவ்வளவு கழுவினாலும், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தங்கிவிடும். சீட்டுக்குக் கீழே இருக்கும் தண்டவாளத்திலும் அதன் போல்ட்டிலும் துரு, தரை விரிப்புக்கு அடியில் வண்டல், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் ஈரக் கறை, டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டால் மண் நெருடுவது, இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தால் கிளம்பிவிடுங்கள். இன்ஜினில் தண்ணீர் போயிருந்தால் சரிசெய்துவிடலாம். ஒயரிங்கில் போனால் முடியாது. மூன்று மாதம் கழித்து ஒரு கண்ணாடி இறங்காது, பிறகு ஒரு விளக்கு, பிறகு நடுச்சாலையில் ஸ்டார்ட் ஆகாது. எந்த மெக்கானிக்காலும் எங்கே தொடங்குவது என்று சொல்ல முடியாத தொல்லை அது.

டெல்லி வண்டிகளைப் பற்றியும் கேட்பார்கள். பத்து வருடம் கடந்த டீசலுக்கு அங்கே வந்த கட்டுப்பாட்டால், ஏழெட்டு வருட டீசல்கள் குறைந்த விலையில் தெற்கே வரத் தொடங்கின. கடற்கரை ஊர் வண்டியைவிடத் துரு குறைவாக இருக்கும், அது நல்ல விஷயம். ஆனால் என்ஓசி எனும் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, நம் மாநில வரி எல்லாவற்றையும் கூட்டினால் விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி போய்விடும். சர்வீஸ் வரலாற்றை நேரில் விசாரிக்கவும் வழி குறைவு. ஃபார்ச்சூனர் போன்ற பெரிய வண்டிகளில் அந்த வித்தியாசம் கட்டுபடியாகலாம், இந்த நான்கிலும் ஆகாது.

ஓட்டிப் பார்க்கும் நாள்

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போதே போங்கள். ‘நீங்க வர்றீங்கன்னு சூடு பண்ணி வச்சேன்’ என்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த டீசல் முதல் சுற்றிலேயே பிடிக்க வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சில நிமிடம் கழித்தும் நிற்கவில்லை என்றால் இன்ஜெக்டரோ, கூலன்ட் உள்ளே கசிவதோ. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் பால் போன்ற படலம் இருக்கக் கூடாது.

கிளட்ச்சுக்கு: நான்காவது கியரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது. மோசமான சாலையில் ரேடியோவை அணைத்துவிட்டு மெதுவாகப் போங்கள், சஸ்பென்ஷன் எந்தப் பக்கம் பேசுகிறது என்று கேட்கும். ஏசி போட்டபடி சிக்னலில் நின்று, குளிர்ச்சி குறைகிறதா, இன்ஜின் சூடு ஏறுகிறதா என்று பாருங்கள். வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைக் காட்டும் ஸ்கேனரை, ஓட்டுவதற்கு முன் ஒருமுறையும், அரை மணி நேரம் ஓட்டிய பின் இன்னொரு முறையும் போடச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்குச் சற்று முன் அழிக்கப்பட்ட கோளாறு சில நேரம் அதற்குள் திரும்ப வந்துவிடும்.

யாரிடம் வாங்குவது

தெரிந்தவர் வண்டி என்றால் வரலாறு தெரியும், ஆனால் குறையைச் சொல்லி விலை பேச முடியாமல் வாய் அடைத்துப் போகும். அதனால் தெரிந்தவர் வண்டியையும் சர்வீஸ் சென்டர் பரிசோதனைக்கு அனுப்புங்கள், அந்த ரிப்போர்ட் பேசட்டும். மாருதி ட்ரூ வேல்யூ, ஹூண்டாயின் எச் ப்ராமிஸ் போன்ற கம்பெனி சார்ந்த கடைகளிலும் ஆன்லைன் கம்பெனிகளிலும் விலை கூடுதல், பேப்பர் வேலை சுத்தம், வாரண்டி உண்டு. அந்த வாரண்டி எதற்கெல்லாம் பொருந்தாது என்ற பட்டியலை முதலில் படியுங்கள். கிளட்ச், டர்போ, இன்ஜெக்டர், சஸ்பென்ஷன் அதில் இருந்தால், பழைய டீசலில் செலவு வைக்கும் எல்லாமே வெளியே போய்விட்டது என்று பொருள். புரோக்கரிடம் விலை குறையும், ஆனால் ஓனரை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஆர்சியில் இருக்கும் பெயர்க்காரரோடு ஐந்து நிமிடம் பேசினால் வண்டியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

வாங்கும் விலைக்கு மேல் ஐம்பதாயிரம் ரூபாயாவது தனியாக வைத்திருங்கள். எந்த வண்டியானாலும் முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் மாற்றிவிடுங்கள், டஸ்டர், ஈகோஸ்போர்ட் என்றால் பில் இல்லாத பெல்ட்டையும். வங்கிக் கடன் இருந்த வண்டிக்கு வங்கியின் என்ஓசியும் படிவம் 35-உம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-உம் கையெழுத்தாகி உங்கள் கைக்கு வந்த பிறகே முழுப் பணம். வண்டியை எடுத்த தேதியோடு நேரத்தையும் டெலிவரி நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், அந்த நேரம் வரையிலான சலான் அவருடையது, அதற்குப் பிறகு உங்களுடையது. இன்சூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிட வேண்டும். தாமதித்தால், நீங்கள் வாங்கிய வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கேட்கும்போது கம்பெனி மறுத்துவிட முடியும்.